கேரவன் வாங்குமுன் கூரை மேல் ஏறிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் குறைந்த விலை கேரவன்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். படங்கள் அழகு. ஆனால் எல்லாமே உள்ளே எடுத்தவை: மெத்தை, மடக்கு மேஜை, குட்டி அடுப்பு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் 31 வருஷம் பாடி கட்டியவன் நான். மெத்தையைப் பார்த்து வண்டி வாங்குகிறவர்களைக் கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை.

எங்கள் மாப்பிள்ளையும் அப்படித்தான் வாங்கினார், ஆறரை லட்சத்துக்கு. வாங்கிய பிறகுதான் என்னிடம் காட்டினார். (முன்னாலேயே காட்டினால் வாங்க விடமாட்டேன் என்று தெரியும்.) சித்திரை, வைகாசி வெயில் முழுக்க சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஐப்பசி மழை விட்டதும் ஜன்னலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். நமத்துப்போன அப்பளம் மாதிரி சுவர் உள்ளே போனது. பக்கத்தில் இருந்த ஸ்க்ரூவைத் திருகவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. மரை நெடுகக் கறுத்த மரத்தூள். வெளியே எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) ஷீட் மட்டும் புதுசு போலப் பளபளத்தது.

ஏணி போட்டு மேலே ஏறினேன். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் விளிம்பில் பாத்ரூமுக்கு அடிக்கும் சிலிக்கானை இழுத்துவிட்டிருந்தார்கள். நாலு மீட்டர் அலுமினியத் தகடு 30 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும், ராத்திரி சுருங்கும். வேலூர் வெயிலில் கூரை அதைவிட அதிகமாகவே காயும். தினமும் இந்த இழுபறி நடந்தால் அந்தப் பசை எத்தனை நாள் தாங்கும்? முடியளவு விரிசல் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். உள்ளே வைத்திருந்ததும் சாதா கமர்ஷியல் பிளைவுட். ஈரம் தாங்குவதற்கென்றே செய்யும், ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாக இருந்தால் இத்தனை சீக்கிரம் உளுத்திருக்காது. பஸ் பாடிக்கு நாங்கள் அடிக்கும் பாலியூரித்தேன் பசைக்கு இழுத்தால் நீண்டு கொடுக்கும் குணம் உண்டு. செலவும் பெரிதாக ஏறாது.

விலை குறைவாக இருப்பதைக் குற்றம் சொல்லவில்லை. உள்ளே வெறும் பெஞ்சு, ஆனால் கூரையில் ஒட்டே இல்லாத ஒரே ஷீட் என்றால் நானே சிபாரிசு செய்வேன். கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: ‘அரை மணி நேரம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்கட்டுமா?’ அவர் முகத்திலேயே பாதி பதில் தெரிந்துவிடும்.

அப்புறம், சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) வெல்டிங் முழு நீளத்துக்கு ஓடியிருக்கிறதா, அங்கங்கே பொட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அச்சு எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு, காலி எடையோடு உங்கள் சுமையைக் கூட்டிப் பாருங்கள். நூறு லிட்டர் தொட்டி நிரம்பினாலே நூறு கிலோ. பிரேக் இல்லாத டிரெய்லரோடு ஏலகிரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவிலும் அது காரைப் பின்னாலிருந்து தள்ளும்.

அடுத்த முறை கூரை விளிம்பையும் அடிப்பாகத்தையும் ஒரு படமாவது எடுத்துப் போடுங்கள். மாப்பிள்ளையின் வண்டியில் இரண்டு பக்கச் சுவரையும் அறுத்தெடுத்து அலுமினியக் குழாயில் புதிதாகக் கட்டினேன். சாமான் செலவு மட்டும் 1,40,000 ரூபாய். கூலி நான் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற பாடி கட்டும் மேஸ்திரி,
சத்துவாச்சாரி, வேலூர்