மங்குஸ்தானுக்கு நிழல்வலை கட்டியாயிற்று

பாப்பா,

போன வாரம் கூப்பிட்டபோது "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. சரி, வேலை இருக்கும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கல்லாறு பழப்பண்ணையிலிருந்து நீ மடியில் வைத்துக் கொண்டுவந்த மங்குஸ்தான் ஒரு ஜோடி புது இலை விட்டிருக்கிறது. தளிர் இளஞ்சிவப்பாக, மெழுகு பூசின மாதிரி பளபளக்கிறது. பழைய இலைகளின் நுனிதான் கருகிப்போயிற்று, எல்லாம் போர் தண்ணீர் உப்பு. நீ சொன்னபடியே மாடி மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து அதை மட்டும் ஊற்றுகிறோம். வருஷத்துக்கு 1200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கேட்கிற மரம், நம் பக்கம் 850 பெய்தாலே நல்ல வருஷம் என்று அப்பா தினமும் கணக்குச் சொல்கிறார், சொல்லிக்கொண்டே போய் நிழல்வலையை இழுத்துக் கட்டுகிறார். ஆணிவேர் அறுந்தால் பிழைக்காது என்று இடம் மாற்றவும் விடவில்லை. காவேரிப்பட்டணத்தில் இதெல்லாம் வருமா என்று கேட்டவர்களே இப்போது வந்து பார்க்கிறார்கள். என் பெண் வைத்தது என்று சொல்கிறேன்.

ஆனால் மாங்காய் சீசனுக்குக்கூட நீ வரவில்லையே. தோத்தாபுரி முழுக்கக் கூழ் கம்பெனிக்கு லோடு போனது, உனக்கென்று வைக்கோலில் எடுத்துவைத்த செந்தூரா பழுத்து அழுகி, மாட்டுக்குத்தான் போட்டேன். பெங்களூரிலிருந்து இரண்டரை மணி நேரம். ஓசூர் டிராஃபிக்கைச் சேர்த்தே சொல்கிறேன்.

தீபாவளிக்குத் தனியாக வந்தாய், பொங்கலுக்கும் தனியாக வந்தாய். மாப்பிள்ளைக்கு வேலை என்றாய். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. பெரியம்மா கேட்டதற்கு, ஆடிட் நேரம் என்று நானே சொல்லிவிட்டேன். ராத்திரி நேரத்தோடு படு. தண்ணீர் நிறையக் குடி.

இன்னொன்று. மாப்பிள்ளை பழம் தின்றுவிட்டு விதை ஊன்றிய ரம்புட்டான் இடுப்பளவு வந்துவிட்டது. விதையில் முளைத்தது ஆண் மரமாகவும் போகலாமாம், பூக்குமே தவிர காய்க்காதாம், அது தெரியவே ஐந்தாறு வருஷம் ஆகுமாம். பிடுங்கிவிட்டு ஒட்டுக்கன்று வைக்கலாம், அது மூன்று நான்கு வருஷத்தில் காய்த்துவிடும் என்று அப்பா நிற்கிறார். உன்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இருக்கட்டும் என்று சொன்னால் அதற்கும் மழைத்தண்ணீரே ஊற்றுகிறோம், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறோம். எதைச் சொன்னாலும் உன்னை ஏன் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், அப்பாவும் கேட்க மாட்டார், அவரிடம் பேசிவிட்டேன். ஊர் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அறையில் இந்த வருஷம் மாங்காய்க் கூடை அடுக்கவில்லை, வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். ஒரு நாளோ ஒரு மாசமோ, உன் இஷ்டத்துக்கு வந்து இரு.

வேளைக்குச் சாப்பிடு என்று மறுபடி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, போன தடவை வளையல் கையில் நிற்கவே இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவேன். மீட்டிங் இருந்தாலும் எடு.

அம்மா