பரப்பளவு சொல்லாத மரக்கணக்கு

சேர்வராயன் மலையில் மரக் கணக்கெடுப்பு நடத்திய அலுவலர்களுக்கு,

வணக்கம். பின்னணி உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறோம். கோயில் காட்டில் மர வகை குறைவு, பக்கத்துக் காப்புக்காட்டில் அதிகம் என்று உங்கள் அறிக்கையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கோயில் காட்டில் மரம் எண்ணப் போட்டவை 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரங்கள் ஐந்து, அதாவது 0.2 ஹெக்டேர். காப்புக்காட்டில் முழு 1 ஹெக்டேர். இரண்டையும் ஒரே அட்டவணையில் நிறுத்தித் தீர்ப்பு எழுதலாமா?

ஐந்தால் பெருக்கினால் சரியாகிவிடும் என்றும் கிளம்பிவிடாதீர்கள். மரங்களின் எண்ணிக்கையைப் பெருக்கலாம், இனங்களைப் பெருக்க முடியாது. முதல் சதுரத்தில் பார்ப்பதெல்லாம் புதிது. அடுத்தடுத்த சதுரங்களில் பெரும்பாலும் பார்த்த மரமே வரும். ஒன்றிரண்டு மட்டுமே நிற்கும் அரிய இனங்கள் பரப்பு கூடக் கூடத்தான் கையில் சிக்கும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அடிமரம் 10 செ.மீ. விட்டமும் அதற்கு மேலும் உள்ள மரங்களை ஹெக்டேர்வாரியாக எண்ணினார்கள். ஒரு ஹெக்டேரில் 77 முதல் 109 இனங்கள், சராசரி 91. ஐம்பது ஹெக்டேரையும் சேர்த்தால் 225. சராசரியையே காட்டின் கணக்காக எழுதியிருந்தால் 134 இனங்கள் காகிதத்திலேயே அழிந்திருக்கும்.

இது மலை என்பதும் அறிக்கையில் மறந்துபோயிருக்கிறது. 30 டிகிரிச் சரிவில் தரையோடு டேப் பிடித்தால் 20 மீட்டர் என்பது கிடைமட்டத்தில் 17.3 மீட்டர்தான். 400 சதுர மீட்டர் என்று எழுதிய சதுரம் உண்மையில் 346. சரிவைத் திருத்தினீர்களா? அடிமரம் எத்தனை செ.மீ. சுற்றளவுக்கு மேல் உள்ள மரங்களை எண்ணினீர்கள்? இரண்டு காட்டிலும் ஒரே அளவா? ஒரு வரி இல்லை. எங்களுக்கு வேண்டியது சதுரம்வாரியான மூலப் பட்டியல்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காடு எத்தனை முறை மாறுகிறது! அந்த மலையில் ஐந்து சதுரமும் சாலையோரம். ஜீப் நிற்கும் இடத்தோடு காடு முடிந்துவிடுகிறது போலும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில் வெந்திருந்தால். கோடை விழாவுக்குப் பூந்தொட்டி எத்தனை என்று துல்லியமாகச் சொல்ல முடிகிற ஊரில், மரத்துக்கு மட்டும் உத்தேசக் கணக்கு.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். பணிவாக மீண்டும் கேட்கிறோம்: மூலப் பட்டியலை வெளியிடுங்கள். சதுரத்தின் இடம், சரிவு, சுற்றளவு வரம்பு, ஒவ்வோர் இனத்திலும் எத்தனை மரம், எல்லாம் அதில் இருக்கட்டும். மறு அளவீட்டில் இரண்டு காட்டிலும் 10க்கு 10, 20க்கு 20, 20க்கு 50, 100க்கு 100 என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டம் விரித்து, ஒவ்வொரு படியிலும் புதிதாக வந்த இனங்களைக் குறியுங்கள். கோயில் காடு ஒரு ஹெக்டேருக்குச் சிறியது என்றால், இரண்டிலும் அதன் பரப்போடு நிறுத்தி ஒப்பிடுங்கள். வடிவமும் ஒன்றாக இருக்கட்டும். நீளப் பட்டை பல வகை நிலத்தைத் தொடுவதால் அதே பரப்பில் கூடுதல் இனம் காட்டும். அதுவரை "மர வகை குறைவு" என்ற அந்த வரியைத் திரும்பப் பெற வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மலையடிவார மக்கள்