முகமேந்து விழா குறித்து ஒரு கடிதம்

தேவிபட்டினம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நாவலின் ஐந்தாம் அத்தியாயமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. இங்கே அனைவரும் நலம். மகளுக்கு மண்டபம் ஊரில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டதால் ஏலக்கூடங்களில் மறுபடியும் சத்தம் கேட்கிறது. வேறு செய்தி அதிகம் இல்லையாகையால் நேராக உன் நாவலின் பவழப் பேரரசுக்கு வருகிறேன்.

பேரரசு அழிந்து இருநூறு ஆண்டுகள் கழிந்த பிறகும், ஏழுதுறை மக்கள் ஆண்டுக்கொருமுறை முகமேந்து விழாவில் மாண்ட மன்னர்களின் முகமூடிகளை அணிந்து, கோட்டை இருந்த மேட்டை வலம் வந்து, கடற்கரையில் அமர்ந்து அழுவதாக எழுதியிருக்கிறாய். ஊர்வலம் தெரு திரும்பும் பத்தி மிக நன்று. ஆனால் அந்த அழுகையை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வரி வாங்கிய அரசனுக்காக வரி கொடுத்தவனின் பேரன் எதற்காக அழ வேண்டும்? ஒரு பேரரசு விழுந்தால் அதன் விழா அநாதையாவதில்லை. அடுத்த நாளே அதற்கு உரிமை கோரி யாராவது வந்து நிற்பார்கள். அந்த உரிமைப் போட்டியைத்தான் உன் அத்தியாயத்தில் தேடினேன்.

இதற்கு நீ வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிறுவயதில் நாம் வேடிக்கை பார்த்த இராமநாதபுரம் அரண்மனை நவராத்திரியை நினைத்துப் பார். விஜயநகரத்தில் மகாநவமி என்ற பெயரில் இந்த விழா எப்படி நடந்தது என்பதைப் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும் போர்ச்சுகீசியர் பயசும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் அந்தத் தலைநகர் பாழானது. விழாவோ பாழாகவில்லை. மதுரை நாயக்கர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பின்னர், தமக்குப் போரில் துணை நின்றதற்காகத் திருமலை நாயக்கர் இராஜராஜேசுவரியின் பொற்சிலையையும் நவராத்திரியை அரச மரியாதையோடு கொண்டாடும் உரிமையையும் இராமநாதபுரத்துச் சேதுநாட்டை ஆண்ட சேதுபதிக்குக் கொடுத்தார் என்பது அந்நாட்டு வரலாறு சொல்லும் செய்தி. பேரரசன் அமர்ந்த இடத்தில் அவனுடைய நாயக்கன் அமர்ந்தான். நாயக்கன் அமர்ந்த இடத்தில் அவனுக்குக் கட்டுப்பட்டிருந்த சேதுபதி அமர்ந்தார். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களில், நாயக்கர் சேதுபதிக்கு அபிஷேகம் செய்து சிறப்பிக்கும் காட்சியை அடுத்த முறை ஊருக்கு வரும்போது நின்று பார். தனக்கு மரியாதை எங்கிருந்து வந்தது என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்தாக வேண்டிய தேவை அந்த அரசருக்கு இருந்திருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் பிற்காலத்தில் வருகிறது. 1803-இல் சேதுநாடு ஜமீனாகிவிட்டது. படை போயிற்று, கோட்டை போயிற்று, கிழக்கிந்தியக் கும்பினியாருக்குப் பேஷ்குஷ் எனும் கப்பம் கட்டும் கடமை மட்டும் வந்தது. அதற்குப் பிறகும், 1892-ஆம் ஆண்டில், கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது, பாஸ்கர சேதுபதி பெருஞ்செலவில் நவராத்திரி நடத்தினார். அதிகாரம் முழுதாக இருக்கும்வரை விழா அதன் நிழலாக இருக்கிறது. அதிகாரம் போன பிறகு விழா ஒன்றே அதிகாரமாக மிஞ்சிவிடுகிறது. அங்கே யாரும் முகமூடி அணியவில்லைதான். ஆனாலும் கொலுவில் வீற்றிருந்த அந்த ஜமீன்தாரின் முகத்தின்மேல் விஜயநகரப் பேரரசரின் முகம் இருந்தது என்று சொன்னால் நீ மறுக்க மாட்டாய். ஏழுதுறையிலும் அப்படி ஒருவர் வேண்டும். பேரரசரின் முகமூடி தன் குடும்பத்துக்கே உரியது என்று பட்டயத்தைக் காட்டும், கடனில் மூழ்கிய ஒரு குறுநிலத் தலைவரை அத்தியாயத்துக்குள் கொண்டு வா.

முகமூடி என்று எடுத்துக்கொண்டால் நம் பக்கத்துச் சூரசம்ஹாரமே உனக்குப் பெரிய பாடம். புராணக் கணக்கில் சூரபதுமன் ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆண்டவன். அவனுடைய வீரமகேந்திரபுரம் தென்கடலின் நடுவே இருந்தது. அதைவிடப் பெரிய பேரரசை உன் கற்பனையில்கூட நீ கட்டவில்லை. ஆண்டுதோறும் ஐப்பசியில் நாம் அதன் வீழ்ச்சியைத்தான் நடத்திப் பார்க்கிறோம். ஆனைமுகத்தை மாட்டுகிறோம், அது விழுகிறது. சிங்கமுகத்தை மாட்டுகிறோம், அதுவும் விழுகிறது. கடைசியில் சூரனின் சொந்த முகம் வருகிறது. அங்கே முகங்கள் எல்லாம் தோற்றவனுக்குத்தான். வென்ற முருகனுக்கு ஒரே முகம் போதுமானதாக இருக்கிறது. (ஆறுமுகனைப் பற்றி இப்படிச் சொல்வது சரியா என்று நீ கேட்பாய். உற்சவர் வரும் கோலத்தைச் சொன்னேன்.) தோற்றவன் பிறகு மயிலாகவும் சேவலாகவும் வென்றவனிடமே தங்கிவிடுகிறான். எதிரியின் நினைவை இவ்வளவு நெருக்கமாக வைத்துக்கொள்ளும் கூட்டம் கடற்கரையில் அமர்ந்து சும்மா அழாது. சத்தம் போடும், பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் காட்டும், அடுத்த தலை எப்போது மாறும் என்று காத்திருக்கும்.

குலசேகரப்பட்டினம் தசராவையும் மறந்துவிடாதே. விரதமிருந்து காளி, குறவன், காவலர், அரசன் என்று வேடமிட்டவர்கள் வீடு வீடாகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குச் செலுத்துகிறார்கள். மகுடமும் வாளும் தரித்து அரச வேடம் பூண்டவரும் தட்டை ஏந்தித்தான் ஆக வேண்டும். உன் ஏழுதுறையில் பேரரசர் முகமூடி அணிந்தவர், ஒரு காலத்தில் தம் அரசு வரி பிடுங்கிய அதே வாசல்களில் நின்று பிச்சை கேட்கட்டும். உப்பளத்துக்காரி அவருக்கு ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுவிட்டு, ‘போன தடவை ஆறில் ஒரு பங்கு எடுத்தீர்களே, இந்தத் தடவை இவ்வளவுதான்’ என்று சொல்லட்டும். நீ இரண்டு பக்கங்களில் எழுதிய துக்கத்தைவிட அந்த ஒரு பேச்சு பேரரசைப் பற்றி அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம்.

இதையொட்டி ஒரு விதியையும் நீ அமைத்துக்கொள்ளலாம்: எவரும் தம் முன்னோரின் முகத்தை அணியக் கூடாது. வரித் தண்டல்காரன் வழிவந்தவன் முத்துக்குளித்து மாண்டவனின் முகத்தையும், முத்துக்குளித்தவன் வழிவந்தவள் தண்டல்காரனின் முகத்தையும் ஏந்த வேண்டும். அப்போது நான் மேலே சொன்ன குறுநிலத் தலைவருக்கும் ஊருக்கும் சண்டை தானாக மூளும். ஏனென்றால் அவர் கேட்பதே தம் முன்னோரின் முகத்தைத்தான். உன் கதை அங்கிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

சிறிய திருத்தம் ஒன்றும் உண்டு. காகிதக்கூழில் செய்த முகமூடிகளை வாடைமழைக் காலத்தில் கடற்கரை வழியாகக் கொண்டு போகிறாய். மண்டபம் வரைகூடத் தாங்காது. ஒன்று விழாவைப் பங்குனிக்கு மாற்று, அல்லது முகமூடிகளைப் பனையோலையில் முடைய விடு. பனை வேண்டிய மட்டும் உன் தீவில் இருப்பதாக முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டாய்.

ஆறாம் அத்தியாயத்தை எழுதத் தொடங்கும் முன் இதைத் திருத்தி அனுப்பு. அந்தப் பட்டயம் போலியா உண்மையா என்பதை மட்டும் எனக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதே. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்