வேருக்கு மண் விடுங்கள்

ஆசிரியருக்கு,

சென்னை அடையாறு காந்தி நகரின் தெருக்களில் காலையில் நடப்பதைப் போல் சுகம் வேறில்லை. இருபுறமும் மரநிழல், கோடையின் தொடக்கத்தில் உதிர்ந்த புங்கம்பூ நடைபாதை முழுக்க வெளிர் ஊதாவாகக் கிடக்கும். ஆனால், நடைபாதை போட்டவர்கள் பல மரங்களின் அடிவரை சிமென்ட் பூசிவிட்டார்கள். ஒரு புங்க மரத்தில் அது பட்டைக்குள்ளேயே பதிந்து இறுகியிருக்கிறது. மழைநீர் வேருக்கு எப்படி இறங்கும்? 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? வேர் பரவ இடமில்லாத மரம் காற்றுக்கு எளிதில் சாயும். சுற்றிலும் மூன்றடி மண்ணாவது தெரியும்படி சிமென்டை உடைத்தெடுக்க வேண்டும், அதுவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே.

வாசகி,
அடையாறு, சென்னை.