மத்சுயேயிலிருந்து தேனுவுக்கு

மத்சுயே,
பிப்ரவரி

அன்பு தேனு,

பொங்கல் முடிந்த கையோடு உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் விடாதே. நீ அதட்டினால்தான் அவர்கள் கேட்பார்கள்.

பள்ளிக்கூடம் எப்படி, வீடு எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில், "ஜப்பான்காரியாகவே ஆகிவிடப் போறியாடி?" என்றும் கேட்டிருந்தாய். போன வாரம் போனில் அத்தையும் இதையே கேட்டாள். அவளுக்குச் சுருக்கமாக ஏதோ சொன்னேன். உனக்கு விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் பள்ளிக்கூடம். நான் இங்கே ஏஎல்டி, அதாவது உதவி மொழி ஆசிரியை. வகுப்பு ஆசிரியர் பாடத்தை நடத்துவார், நான் கூட நின்று பேசிக் காட்டுவேன், விளையாட வைப்பேன், உச்சரிப்பைத் திருத்துவேன். 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் மதிப்பெண் உள்ள பாடம் ஆகிவிட்டது. வருஷத்துக்கு 70 பீரியட், ஒரு பீரியட் 45 நிமிஷம். மூன்று, நான்கு வகுப்புக்கு அதில் பாதி. நான் போகிற இரண்டு பள்ளியும் சின்னது. எங்கள் ஷிமானே மாகாணத்தில் இளசுகள் எல்லாம் ஒசாகா, டோக்கியோ என்று கிளம்பிவிடுவதால் பிள்ளைகள் குறைவு. மலைப்பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில்தான் உட்காரும்.

மத்தியானச் சாப்பாட்டை நீ ஒருதரம் வந்து பார்க்க வேண்டும். முறை வைத்துச் சில பிள்ளைகள் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு, பாத்திரங்களைச் சமையலறையிலிருந்து தாங்களே தூக்கி வந்து, எல்லோருக்கும் பரிமாறும். சூப் ஊற்றுகிற பிள்ளை அடுத்த கிண்ணத்தையும் முந்தின கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒரே அளவாக வந்திருக்கிறதா என்று சரிபார்க்கும். ஆசிரியருக்கும் அதே சோறு, அதே பால். சாப்பிட்டு முடித்ததும் துடைப்பமும் துணியும் எடுத்து வகுப்பையும் தாழ்வாரத்தையும் பிள்ளைகளே சுத்தம் செய்வார்கள். நானும் முட்டிபோட்டு அவர்களோடு துடைப்பேன். பாடத்தில் வாயே திறக்காத பிள்ளைகூட அந்த நேரத்தில் என்னிடம் பேசிவிடும், "சென்செய், உங்க ஊரில் பனி பெய்யுமா?" என்று. திருநெல்வேலி வெயிலைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

என் வேலை வருஷாவருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். இங்கே மார்ச் கடைசியில் ஆசிரியர் மாறுதல் பட்டியல் முழுசும் உள்ளூர் நாளிதழில் வரும், ஊரே அதைத் தேடிப் படிக்கும். உதவி ஆசிரியர்கள் பெயர் அதில் வராது. வராவிட்டால் போகட்டும் தேனு, தாழ்வாரம் துடைக்கிறபோது என் பக்கத்தில் யார் உட்காருவது என்று அந்தப் பிள்ளைகள் போட்டி போடுவதே எனக்குப் போதும்.

இனி வீடு. மாமியார், மாமனார், இவர், நான். இவருடைய அம்மாவை ஒகாசான் என்றுதான் கூப்பிடுகிறேன், அவர்கள் என்னை ராஜி-சான் என்கிறார்கள். கருக்கலில் எழுந்து அவர்கள் மிசோ சூப் வைத்துவிடுவார்கள். ஊருக்கு மேற்கே இருக்கிற ஷின்ஜி ஏரியில் கடல் தண்ணீரும் கலக்கும், அதனால் ஷிஜிமி என்று நகம் அளவுக்குக் கறுப்புச் சிப்பி அதில் ஏராளம். மீனவர்கள் சின்னப் படகில் நின்று, நீளக் காம்பு வைத்த கூடையால் அடிமண்ணை அரித்து எடுப்பார்கள். ஒருநாள் அந்தச் சிப்பியில் புளியும் மிளகும் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தேன். மாமனார் மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். இப்போது வாரத்தில் ஒருநாள் ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் ஒகாசான் தானே போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவார்கள், முகம் சுளித்து ஒருநாளும் பார்த்ததில்லை.

வானிலையைப் பற்றிக் கேட்காதே, புலம்பித் தீர்த்துவிடுவேன். சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்று இந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. குளிர்காலம் முழுக்க வானம் ஈயச் சட்டி நிறத்தில் கிடக்கும், இடி இடித்துக்கொண்டே பனி கொட்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இவரைப் பற்றி. வெளிநாட்டில் வாழ்கிறவளின் கஷ்டம் என்று எல்லோரும் என்னைத்தான் விசாரிக்கிறார்கள். வெளிநாட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரிலேயே வாழ்கிறவரின் பாடு யார் கண்ணிலும் படுவதில்லை. பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை, ஓய்வூதியச் சந்தா தாள், வரி நோட்டீஸ், எரிவாயு ஆள் வருகிற நாள், குப்பை போடுகிற அட்டவணை மாறினது, அத்தனையும் இவர் படித்துத்தான் எனக்குத் தெரிகிறது. எனக்குப் பல்வலி என்றால் இவர் அரைநாள் லீவு போட வேண்டும். தெருச் சங்கத்து அறிவிப்பு அட்டை ஒவ்வொரு வீடாகச் சுற்றி வரும். ராத்திரி இவர் அதைக் கொதாத்ஸு என்கிற, போர்வை போர்த்திய கணப்பு மேசைமேல் வைத்து, வரிக்கு வரி விரல் ஓட்டிப் படித்துச் சொல்லுவார். காலைப் போர்வைக்குள் நீட்டிக்கொண்டு நான் கேட்பேன். ஏரிக்கரை சுத்தம் செய்கிற ஞாயிறு எது, யார் வீட்டில் துக்கம், பனி தள்ளுகிற முறை யாருக்கு எல்லாம் அதில் இருக்கும். ஆபீசில் நாள் பூராவும் எழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனுஷன். ஒருநாள் படித்துக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிட்டது. மேசை விளிம்பில் நெற்றி பட்டதும் நிமிர்ந்து, விட்ட வரியிலிருந்து திரும்பத் தொடங்கினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்த ஊரில் இப்படி ஒரு ஜோடி முன்பே வாழ்ந்திருக்கிறது. லாஃப்காடியோ ஹெர்ன் என்ற பெயர் நீ கேள்விப்பட்டிருப்பாய். கிரேக்க அம்மாவுக்கும் ஐரிஷ் அப்பாவுக்கும் பிறந்தவர், 1890-இல் மத்சுயேக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். கொய்சுமி செட்சு என்ற பெண்ணோடு மறு வருஷமே குடித்தனம். சாமுராய்க் குடும்பம் அவளுடையது, மெய்ஜி என்கிற புது அரசாட்சி வந்ததும் வரும்படி நின்று நொடித்துப் போனது. படிப்பு ஆசை இருந்தும் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு அவள் நெசவுக்குப் போனாள். அகழிக் கரையில் அவர்கள் வாழ்ந்த வீடு இன்றும் இருக்கிறது, பக்கத்திலேயே நினைவு அருங்காட்சியகம். அவருக்கு ஒரு கண் பார்வை கிடையாது, இன்னொன்றும் மங்கல். தாளைக் கண்ணருகே வைத்து எழுத வேண்டும் என்று கால் உயர்த்திச் செய்த மேசையை அங்கே பார்க்கலாம். 2025 இலையுதிர் காலத்தில் என்எச்கே தொலைக்காட்சியின் காலைத் தொடராகச் செட்சுவைத் தழுவிய கதை தொடங்கியது. எட்டு மணிக்கு ஒகாசான் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள், தெருவில் டூரிஸ்ட் கூட்டமும் கூடிவிட்டது.

வருகிற கூட்டம் எல்லாம் அவருடைய மேசையைப் படம் எடுக்கிறது. நான் செட்சு இங்கிலீஷ் வார்த்தைகளைத் தன் எழுத்தில் கேட்டு எழுதி வைத்த நோட்டு முன்னால்தான் நிற்பேன். அவருக்கு ஜப்பானியப் புத்தகம் படிக்க வராது. அவள்தான் பழைய புத்தகக் கடைகளில் கதை தேடுவாள். ராத்திரி விளக்குத் திரியை இறக்கி வைத்துச் சொல்லும்போது, புத்தகத்தைப் பார்க்காதே, உன் சொல்லில் சொல் என்பாராம். உலகம் கொண்டாடுகிற அவருடைய பேய்க் கதைகளில் பல அப்படி வந்தவை. அட்டையில் பெயர் அவருடையது மட்டும். ஆனாலும் அந்த மனிதர் முயன்றிருக்கிறார் தேனு. யைசு என்ற கடற்கரை ஊருக்குக் கோடையில் போகும்போது, தனக்குத் தெரிந்த கதகானா என்கிற எளிய ஒலி எழுத்திலேயே வீட்டுக்காரிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். தப்பும் தவறுமான அந்த ஜப்பானிய மொழியில்தான் அவர்கள் கடைசிவரை பேசிக்கொண்டார்கள், நான்கு பிள்ளைகளை வளர்த்தார்கள்.

எங்கள் வீட்டில் செட்சுவின் இடம் இவருடையது. ஆகவே இந்த வருஷம் எழுத்துப் படிப்பைக் கையில் எடுத்துவிட்டேன். பேச்சு எனக்கு வந்துவிட்டது, கான்ஜி என்கிற சீன வழி எழுத்துதான் மலையாக நிற்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்து, அதில் 1,026 தொடக்கப் பள்ளிக்குள் முடிந்துவிடும். நான் பாடம் எடுக்கிற பிள்ளைகளின் வரிசையிலேயே படிக்கிறேன். மலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, இடைவேளையில் என் நோட்டை வாங்கிக் கோடு போடுகிற வரிசையைச் சிவப்புப் பென்சிலால் திருத்தித் தருவாள். சரியாக இருந்தால் ஆசிரியர்கள் போடுகிற மாதிரியே பூ வட்டம் போடுவாள். போன வாரம் அறிவிப்பு அட்டையை நானே பாதிவரை படித்துச் சொன்னேன். இவர் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். ஜூலையில் நடக்கும் ஜப்பானிய மொழித் தேர்வில் இரண்டாம் நிலை எழுதப் போகிறேன்.

இனி உன் கடைசிக் கேள்வி. ஹெர்ன் 1896-இல் ஜப்பான் குடிமகனாகிக் கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டார், பெண்டாட்டியின் குடும்பப் பெயரை ஏற்றார். வெளிநாட்டுக்காரனைக் கட்டிய பெண் ஜப்பானியக் குடியுரிமையை இழந்துவிடுவாள் என்பது அந்தக் காலத்துச் சட்டம். செட்சுவும் பிள்ளைகளும் சொத்தில்லாமல் தவிக்கக் கூடாதே என்று அவரே இந்தப் பக்கம் வந்துவிட்டார். எனக்கு அந்த நெருக்கடி கிடையாது. துணைவர் விசாவில் எந்த வேலையும் செய்யலாம். குடும்பப் பதிவேட்டில் எனக்கென்று தனி இடம் இல்லை, இவருடைய பக்கத்தில் கல்யாணக் குறிப்பில் வருகிறேன். 2012 வரைக்கும் வெளிநாட்டு மனைவியை வசிப்போர் பதிவிலேயே வீட்டாரோடு சேர்த்து எழுத மாட்டார்கள். இப்போது அதில் நான்கு பேரும் ஒரே தாளில் இருக்கிறோம்.

என்னைத் தடுப்பது பெயர்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது அல்லவா, அதனால் கிளினிக்கில் நர்ஸ் உரக்க "சுப்பையா-சான்" என்று கூப்பிடுகிறாள். முதல்தரம் கேட்டபோது எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை, அப்பா எங்கே என்று கண் தேடிற்று. திருச்செந்தூரைத் தாண்டிப் போகாத மனுஷன். அவர் பெயர் இந்தப் பனி ஊரில் ஒலிக்கிறது. வெளிநாட்டவரைக் கட்டினால் பெயர் அவரவருடையதாகவே இருக்கலாம். நான் ஜப்பான் குடியுரிமை எடுத்துவிட்டால், இங்கத்திய சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரில் வர வேண்டும். இதை நான் சொன்னபோது இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யார் பெயர் என்று சட்டம் சொல்லவில்லையே, உன் அப்பா பெயரையே வைத்துக்கொள்ளலாம்" என்றார். சமாதானத்துக்காகச் சொன்ன பேச்சாகத் தெரியவில்லை. மறுநாளே நகராட்சியில் விசாரித்து வந்திருந்தார்.

ஆனாலும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடும், நம்மூரில் ஓட்டும் கிடையாது. நிரந்தர வசிப்புரிமைக்கு மட்டும் விண்ணப்பிக்கப் போகிறேன். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆனவர்களுக்கு அதற்கு வழி உண்டு. வரி, ஓய்வூதியச் சந்தா ஒன்றும் பாக்கி இல்லாமல் கட்டிய ரசீதெல்லாம் ஒகாசான் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உத்தரவாதக் கையெழுத்து இவருடையது. விண்ணப்பத்தை நானே என் கையால் நிரப்புவது என்று இருக்கிறேன், இவர் பிழை பார்த்தால் போதும்.

ஆகஸ்டில் இங்கே கோடை விடுமுறை. இவரோடு பாளையங்கோட்டைக்கு வருகிறோம். இவருக்கு உன் கையால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வேண்டும், அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. உன் மாறுதல் கலந்தாய்வு என்ன ஆயிற்று? தென்காசிப் பக்கம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதே, பஸ் வசதி இருக்கிறது. எந்த ஊர் என்று தெரிந்ததும் எழுது, டிக்கெட் போடும்முன் எனக்குத் தெரிய வேண்டும்.

உன்
ராஜி