பேரன் பெயரை எழுதவில்லை நீ

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். முதல் தடவை எழுதியது துக்கம் விசாரிக்கிற மாதிரி இருந்தது, இரண்டாவது பிரசங்கம் மாதிரி. இது மூன்றாவது. எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவதாக முடிவு செய்துவிட்டேன்.

அம்மா போய் மூன்று மாதமாகியும் தியானத்தில் உட்கார்ந்தால் கண்ணீர் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். கண்ணீரைவிட, சத்சங்கத்தில் ஒருவர் "இருபத்தைந்து வருஷமா உட்கார்றீங்க, இன்னும் பற்று விடலையா?" என்று கேட்டதுதான் உன்னை உறுத்துகிறது போல. படித்ததும் அந்த மனிதர் மேல் எனக்கு நல்ல கோபம் வந்தது. கோபம் அடங்கியபோது வெட்கமாகிவிட்டது. ஏறக்குறைய அதே வார்த்தையை நானும் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

தங்கையின் கணவர் இறந்த சமயம். காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்து போன பிறகு, ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தாள். பேச்சே இல்லை, அழுகைதான். நான் அப்போது தியான சாதனையில் ரொம்பத் தீவிரமாக இருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். மனசு அலையாமல் நிற்கிறது என்று உன்னிடம்கூடப் பெருமை அடித்தேன். அந்தப் பெருமையோடேயே அவளிடம், "அவரவர் வினைப்படி நடக்கிறதும்மா, இதில் அழ என்ன இருக்கிறது" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். "சரிண்ணா" என்றாள். போனை வைத்துவிட்டாள். ஆறுதல் அடைந்துவிட்டாள் என்றே நினைத்தேன்! அதற்கப்புறம் இரண்டு வருஷம் நல்லது கெட்டது எதையும் என்னிடம் சொல்லவில்லை. அதையும் அவளுடைய பக்குவம் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் என் மனைவிதான் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு அமைதி ஒண்ணும் வரலை. காதுதான் கேட்காம போயிடுச்சு."

நான் சொன்ன வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். 1898இல் ரமணரின் தாயார் அழகம்மாள் திருவண்ணாமலைக்கு வந்து, வீட்டை விட்டு வந்துவிட்ட மகனைத் திரும்ப அழைத்தாள். நாள் கணக்கில் கெஞ்சினாள், அழுதாள். பிள்ளை வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக் கேட்டபோது, அவரவர் பிராரப்தப்படிதான், அதாவது முன்வினைப்படிதான், எல்லாம் நடக்கும் என்ற பொருளில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தாய் தனியாகத் திரும்பிப் போனாள். என்னைப் போன்றவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அதோடு புத்தகத்தை மூடிவிடுவோம்.

மூடாமல் மேலே படித்தால் வேறு கதை. 1914இல் மகனைப் பார்க்க வந்திருந்த தாய் கடும் காய்ச்சலில் படுத்தாள். பிராரப்தம் என்று எழுதிக் கொடுத்த அதே கை, தாய்க்குக் குணமாக வேண்டும் என்று அருணாசலனிடம் கேட்டுப் பாட்டு எழுதியது. 1916இல் அவள் மகனோடேயே வந்து தங்கிவிட்டாள். 1922 மே 19, அவளுடைய கடைசி நாள். காலையிலிருந்து இரவு உயிர் பிரியும் வரை ரமணர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வலது கை தாயின் மார்பில், இடது கை தலையில். அப்போது அவருக்கு வயது 42. பின்னால் எழுந்த ஆசிரமமும் அவள் சமாதியைச் சுற்றித்தான் எழுந்தது.

நான் 1898-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 1922-க்குப் போகவே இல்லை. இதைத்தான் உனக்கு எழுத நினைத்தேன். இப்போது யோசித்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. அவர் அந்தக் காகிதத்தைத் தன்னைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலாக எழுதினார். நான் அதே வார்த்தையை இன்னொருத்தியின் துக்கத்தின் மேல் போட்டு மூடினேன். ‘எல்லாம் வினை’ என்று தன் துக்கத்துக்குச் சொல்லிக்கொள்கிறவனை மதிக்கலாம். அடுத்தவர் துக்கத்துக்குச் சொல்கிறவனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும். உன் சத்சங்க நண்பரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் மொழியே இந்த விஷயத்தில் விளையாடுகிறது, கவனித்திருக்கிறாயா? சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம். அங்கே பாசம் என்றால் உயிரைக் கட்டிப் போடுகிற கயிறு. வீட்டுக்குள் வந்தால் ‘பாசக்காரப் பிள்ளை’ என்பது பாராட்டு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலையில் அறுக்கப் பார்க்கிறோம், சாயங்காலம் மெச்சிக்கொள்கிறோம். குழம்பாமல் என்ன செய்யும்!

வள்ளுவர் குழம்பவில்லை என்பது என் கட்சி. அன்புடைமையை 8ஆம் அதிகாரமாக இல்லறத்தில் வைத்தார். அருளுடைமையை 25ஆம் அதிகாரமாகத் துறவறத்தில் வைத்தார். வரிசையைப் பார். துறவறவியலின் வாசற்படியே அருள்தான். ‘துறவு’ என்று பெயர் போட்ட அதிகாரம் பத்துப் படி தாண்டி 35இல்தான் வருகிறது. நடுவில் கோபம், பொய், திருட்டு, கொலை என்று எத்தனையோ விட வேண்டியிருக்கிறது. நாமோ முதல் நாளே 35இல் போய் உட்கார்ந்துகொள்ளப் பார்த்தோம். அருளை அன்பு ஈன்ற குழந்தை என்று அவரே 757ஆம் குறளில் சொல்கிறார். தாய் இல்லாமல் குழந்தை ஏது? (அந்தக் குழந்தையை வளர்க்கும் செவிலித்தாய் பணம் என்று அதே குறளில் சொல்லிவிட்டார் பார், அதுதான் வள்ளுவர். பொருள் சேர்ப்பதைப் பற்றிய அதிகாரத்தில்தான் அந்தக் குறளே இருக்கிறது.)

சரி, பற்றினால் ஆபத்தே இல்லையா என்று கேட்பாய். நீ எழுதிய, பாகவதத்தில் வருகிற பரதனின் மான் கதைக்கு வருகிறேன். அரசைத் துறந்து காட்டுக்குப் போன ராஜா, ஆற்றில் விழுந்த மான்குட்டியைக் காப்பாற்றி வளர்த்து, சாகும்போது அதையே நினைத்து மானாகப் பிறந்தான். "அதனால்தான் நான் எந்த மானையும் எடுக்கப் போவதில்லை" என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கதையை நானும் இப்படித்தான் புரிந்து வைத்திருந்தேன். ஆனால் கதை மானோடு முடியவில்லையே. அடுத்த பிறவியில் அவன் ஜடபரதன். ஊமை போல, அசடு போல, எதிலும் ஒட்டாமல் திரிகிறான். ரகூகணன் என்கிற ராஜாவின் பல்லக்கைத் தூக்க அவனைப் பிடித்துப் போகிறார்கள். பல்லக்கு குலுங்குகிறது. ஏன் தெரியுமா? காலடியில் ஒரு பூச்சி புழுகூட மிதிபடக் கூடாது என்று தரையைப் பார்த்துப் பார்த்து அடி வைக்கிறான்.

ஒரு மானால் ஒரு பிறவியையே கோட்டை விட்டவன் அவன். அவனுக்குத்தான் இரக்கம் என்றாலே பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘என் மான்’ என்பதில் ‘என்’ மட்டும் உதிர்ந்திருக்கிறது. மான்குட்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கியது தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அது வளர்ந்து காட்டுக்குள் போனபோது, ஐயோ என் மானைக் காணோமே என்று தவித்தானே, இடறியது அங்கே.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒன்றரை வருஷமாக வியாழக்கிழமைகளில் ஓர் இல்லத்துக்குப் போய் வருகிறேன். நோய் முற்றியவர்களைக் கடைசி வரை பார்த்துக்கொள்கிற இடம். தங்கை விஷயத்துக்குப் பிராயச்சித்தமாக என்று வைத்துக்கொள்ளேன். அங்கே ஒரு பெரியவர், பக்கவாதம் வேறு. வலது கை விழுந்துவிட்டது. சாப்பிடும்போது வாயோரம் வழியும். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது. வழிந்ததும் துண்டை எடுத்து ஒற்றிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. அவர் முகமே கண்ணுக்குள் நிற்கும். என் மனசு எவ்வளவு இளகியிருக்கிறது பார் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

ஒரு வியாழக்கிழமை, அங்கே வேலை பார்க்கிற ஓர் அம்மா என் கையிலிருந்த துண்டை வாங்கி அவர் மடியில் போட்டார். "அவரே துடைச்சுக்குவார் சார், விடுங்க" என்றார். அவ்வளவுதான், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பெரியவர் இடது கையைத் துண்டின் மேல் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. மறுபடி வைத்தார். துண்டின் ஒரு முனை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாட்டியது. தூக்கினார், நழுவி விழுந்தது. மறுபடியும். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துண்டு வாயருகே போய்ச் சேர நாலு நிமிஷம் ஆகியிருக்கும். துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் நன்றியெல்லாம் இல்லை. இத்தனை நாள் இதை ஏன் செய்ய விடவில்லை என்கிற மாதிரிதான் இருந்தது.

நான் துடைத்ததெல்லாம் அவருக்காக இல்லை, நண்பா. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் துடைத்தேன். ஓடிவந்தது என் சங்கடம்தான், இரக்கம் என்று நான்தான் பெயர் வைத்திருந்தேன். 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்கிற பௌத்த உரையாசிரியர் இதை அழகாகப் பிரித்திருக்கிறார். ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் தூரத்துப் பகை ஒன்று, கிட்டத்துப் பகை ஒன்று. கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை, அது யாருக்கும் தெரியும். கிட்டத்துப் பகை துக்கம். பார்க்கக் கருணை மாதிரியே இருக்கும், அதனால் வீட்டுக்குள் விட்டுவிடுவோம். சமநிலைக்குக் கிட்டத்துப் பகை எது தெரியுமா? அறியாமையில் வருகிற அசட்டை. போனில் தங்கையிடம் பேசியவன் இந்த ஆள். துண்டோடு ஓடியவன் முதல் ஆள். இரண்டு பேருக்கும் நானே வீடு கொடுத்திருக்கிறேன்.

இப்போது வியாழக்கிழமை இரவுகளில் தூங்குகிறேன். மனசு மரத்துவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். அப்படித் தெரியவில்லை. அவருக்கு இப்போது என்ன வேண்டும் என்று பார்க்கிறபோது எனக்கு அலுப்பு வருவதில்லை. எனக்கு என்னவோ செய்கிறதே என்று பார்க்க ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் களைத்துவிடுகிறேன். எல்லா வாரமும் முதல் வகையில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். போன வாரம்கூடத் துண்டுக்குக் கை நீண்டது.

உன் கண்ணீருக்கு வருகிறேன். தியானத்தில் வந்தால் வரட்டுமே. தாய் செத்ததற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது? முற்றும் துறந்த பட்டினத்தாரே தாயின் சிதை முன்னால் உருகி உருகிப் பாடினார் என்றுதானே சொல்கிறார்கள். அழுகை வரும், இருக்கும், போய்விடும். அதற்குப் பின்னாலேயே ‘அழுகிறேனே, நான் தேறவில்லையே’ என்று ஒன்று வருகிறது பார், அதில்தான் ‘நான்’ கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அம்மா அதில் இல்லை. சத்சங்கத்து ஆள் இருக்கிறார், உன் இருபத்தைந்து வருஷக் கணக்கு இருக்கிறது. விடுவதாக இருந்தால் அந்தக் கணக்கை விட்டுப் பாரேன்.

இன்னொன்றும் எழுதியிருந்தாய், போகிற போக்கில், ஒரே வரியில். மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதமாகிறது, போய்ப் பார்க்கவில்லை, "இன்னொரு கட்டு வேண்டாம்" என்று. அந்த ஒரு வரியால்தான் முதல் இரண்டு கடிதங்களையும் கிழித்தேன் என்று நினைக்கிறேன். உன் மகள் கேட்கும்போது நீ என்ன குரலில் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலில் நான் பேசியிருக்கிறேன். அவளும் "சரிப்பா" என்றுதான் சொல்லியிருப்பாள்.

என் வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மனைவிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நான் இப்போது காலையில் அரை மணிதான் உட்காருகிறேன், முன்பு மாதிரி இரண்டு மணி நேரம் முடிவதில்லை, முடிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. அப்புறம், போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தங்கை போன் செய்தாள். மகன் விஷயமாக ஏதோ மனக்கஷ்டம். பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் அழ ஆரம்பித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நாலு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது, நாலும் நல்ல வாக்கியங்கள்தான். ரொம்ப நேரம் கழித்து, "அண்ணா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டாள். "இருக்கேம்மா" என்றேன். மறுபடி அழுதாள்.

உடனே பதில் எழுது. பேரன் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?

என்றும் உன்,
பழைய தோழன்