ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும் இன்னும் சிலருக்கும் நன்றி

எங்கள் மோட்டார் பந்தய டிராக்கைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கும், ஹெல்மெட்டோடு வந்து போகிறவர்களுக்கும் வணக்கம்.

டிராக் மூடப்படவில்லை. சில நிபந்தனைகளோடு அனுமதி நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மாலையில் சீக்கிரமே என்ஜின்களை நிறுத்திவிட வேண்டும், வண்டி ஓடும் நாட்கள் குறையும், சத்தச் சோதனையில் தேறாத வண்டி தளத்துக்குள் இறங்கக் கூடாது. எங்களில் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. இதைவிட மோசமான ஒன்றை எதிர்பார்த்துத்தான் பல மாதங்களாகத் தூங்காமல் இருந்தேன்.

முதல் நன்றி யாருக்கு என்பதில் குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில் என் பேச்சு எடுபட்டது. மேற்குப் பக்கம் குடியிருக்கும் அம்மா, முதல் நன்றி உங்களுக்குத்தான். ஆமாம், சத்தம் தாங்கவில்லை என்று எங்கள்மேல் முதலில் புகார் எழுதிக் கொடுத்த உங்களுக்கு.

புகார் வந்த அன்று நாங்கள் செய்த முதல் காரியம் ஒரு பெரிய பேனர் எழுதியது. “நாங்கள் வந்த பிறகுதானே நீங்கள் வந்தீர்கள்?” என்பது அதன் சாரம். அதை இறக்கச் சொன்னவர் எங்கள் வழக்கறிஞர். அவர் எடுத்துச் சொன்ன வெளிநாட்டு வழக்குகளைக் கேட்டதும் எங்கள் வீராப்பு அடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1970-களிலிருந்து இயங்கிவந்த ஒரு ஸ்பீட்வே (மண்தள பைக் பந்தய) அரங்குக்குப் பக்கத்தில் 2006-இல் வீடு வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு ஒன்று. பின்னால் குடிவந்தவர் என்பது மட்டுமே தற்காப்பாகாது என்று 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நாட்டில் கிராஃப்ட் என்ற பந்தயத் தளத்தில் இரைச்சல் மிகுந்த நாட்கள் ஆண்டுக்கு 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2009-இல் தடையுத்தரவே போட்டார்கள். அமெரிக்காவின் லைம் ராக் தளத்தில் 1959-இல் வந்த உத்தரவால் இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை பந்தயம் கிடையாது. “அந்தத் தளங்கள் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, அதையும் கவனியுங்கள்” என்றார் வழக்கறிஞர். கட்டணத்தில் பாதியைக்கூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஐயா, நன்றி.

அப்புறம்தான் அந்த நோட்டுப் புத்தகம் வந்தது. விசாரணைக்கு அம்மா அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தேதி, நேரம், என்ன சத்தம், ஜன்னல் திறந்திருந்ததா சாத்தியிருந்ததா, காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு வரியும் கோணாமல் எழுதப்பட்டிருந்தது. எங்களிடமோ ஒவ்வொரு வண்டியும் ஓடிய நேரப்பதிவு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று அவரேதான் கேட்டார். பார்த்தபோது எங்களுக்குப் பேச்சே வரவில்லை. இருபது வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும் பந்தய நாட்களில் அவர் அதிகம் எழுதவில்லை. பக்கம் பக்கமாக எழுதியிருந்தது வியாழக்கிழமை மாலைகளைப் பற்றி. அன்றைக்கு இரண்டு மூன்று பைக்குகள் மட்டும் பயிற்சிக்கு ஓடும்.

இதற்கு விளக்கம் தந்தவர் ஒலியளக்கும் கருவியோடு வந்த இயற்பியல் ஆசிரியர். பகலில் தரை சூடாக இருக்கும்போது சத்தம் மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. காற்றசைவில்லாத மாலையில் வானம் தெளிவாக இருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவே நிற்கும். அப்போது மேலே போக வேண்டிய சத்தம் கீழே வளைந்து, தூரத்து வீடுகளின் தலைமேல் இறங்குகிறது. நாங்கள் மிக அமைதியான நேரம் என்று நினைத்துப் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரம்தான் அம்மாவுக்கு மிக மோசமான நேரம்!

சார், நீங்கள் ஒவ்வொரு முறையும் 94 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) ஒலி தரும் அந்தச் சின்ன உருளையை மைக்கில் மாட்டிக் கருவியைச் சரிபார்த்த பிறகே அளக்கத் தொடங்கியதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். மன்னிக்க வேண்டும். அதிகாரிகள் எங்கள் அளவுகளை ஏற்றுக்கொண்டதே அதனால்தான். வண்டிகளைப் பாதியாகக் குறைக்கிறோம், சத்தமும் பாதியாகிவிடும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கப் போனபோது தடுத்ததும் நீங்கள்தான். ஒரே மாதிரி வண்டிகளைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் இறங்கும், காதுக்குப் பாதியாகத் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் இறங்க வேண்டும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினீர்கள். மற்றவற்றைவிட 10 டெசிபல் கூடுதலாகக் கத்தும் ஒரே ஒரு பைக், பத்து பைக்குக்குச் சமம் என்று நீங்கள் சொன்னதும் எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தோம்.

தம்பி, உன் பெயரை எழுத மாட்டேன். நீயாகவே எழுந்து, “என் வண்டிதான்” என்று சொன்னாய் பார், அது போதும். சைலன்சரைப் பிரித்தால் உள்ளே இருக்க வேண்டிய கண்ணாடி நார்ப் பஞ்சு முழுக்கக் கருகி ஊதித் தள்ளப்பட்டிருந்தது. வெறும் குழாய்தான் மிச்சம். இப்படி இன்னும் எத்தனை வண்டிகளோ என்று அந்த வாரமே தேடினோம். இருந்தன. தன் பட்டறையை மூடிவிட்டு வந்து, இரண்டு நாள் பிட்டிலேயே (டிராக்கில் வண்டிகளைச் சரிபார்க்கும் இடம்) உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பஞ்சு மாற்றிக் கொடுத்த வெல்டர் அண்ணனுக்கு என்ன சொல்வது? கூலி என்று பேச்செடுத்தாலே அவருக்குக் கோபம் வருகிறது. இப்போது ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி வைத்தபடியே அதற்குரிய என்ஜின் வேகத்தில் உறுமவிட்டு, குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் மைக்கைப் பிடித்து அளந்த பிறகுதான் வாசலைத் திறக்கிறோம். வெயிலில் நின்று இதைச் செய்யும் மார்ஷல்களுக்கும் நன்றி. திட்டு வாங்குவது அவர்கள்தான்.

மேற்குப் பக்கம் எழும்பியிருக்கும் மண்மேட்டுக்காகச் சும்மா மண் கொண்டுவந்து கொட்டிய லாரிக்காரர்களுக்கு நன்றி. அந்த இடத்தில் ஒரு வரிசை மரக்கன்று நட்டுவிட்டு வேலை முடிந்தது என்றிருந்தோம். ஒற்றை வரிசை மரம் கண்ணுக்கு மறைக்குமே தவிரக் காதுக்கு மறைக்காது என்று ஆசிரியர் சொன்ன பிறகுதான் மண்ணைத் தேடிப் போனோம். கன்றுகள் பாட்டுக்கு வளரட்டும்.

எங்கள் அறிவிப்பாளரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் பல இடங்களில் “வண்டி அல்ல, பேச்சு” என்று இருந்தது. என்ஜின் சத்தம்கூடப் பழகிவிடும், ஆனால் அரைகுறையாகக் காதில் விழும் பேச்சைக் காது விடாமல் துரத்துமாம். மனுஷன் உடைந்து போய்விட்டார். ஆனாலும் மறுநாளே ஏணி போட்டு ஏறி, உயரத்தில் இருந்த பெரிய ஒலிபெருக்கிகளைத் தன் கையாலேயே கழற்றினார். இப்போது பார்வையாளர் வரிசைக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஒலிபெருக்கிகள், தரையைப் பார்த்தபடி. நகைச்சுவைத் துணுக்குகளையும் குறைத்துக்கொண்டார். அதற்குத் தனி நன்றி.

இரவில் கருவியோடு வந்து எங்கள் பக்கமும் வீடுகள் பக்கமும் சமமாக நேரம் செலவிட்ட அதிகாரிகளுக்கு நன்றி. எங்களுக்குச் சாதகமில்லாத அளவுகளையும் மறைக்காமல் முதலில் எங்களிடமே காட்டினார்கள்.

டிராக்கின் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டு முன்னால் வேண்டுமென்றே ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டுப் போன சிலர் உண்டு. அவர்களுக்கு நன்றி இல்லை. எங்களை ஏறக்குறைய மூடவைத்தது அவர்கள்தான். யார் என்று தெரிந்தால் வாசலோடு திருப்பி அனுப்பப்படுவார்கள்.

அம்மா, வியாழன் பயிற்சியைக் காலைக்கு மாற்றிவிட்டோம். அன்றன்றைய பொறுப்பாளரின் எண் உங்களிடம் இருக்கிறது. சத்தம் கேட்டால் எழுதி வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். நீங்கள் கொடுத்த இரண்டாவது நோட்டுப் புத்தகம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். நடந்தே வருகிறேன்.

இப்படிக்கு,
டிராக் பொறுப்பாளர்களில் ஒருவன்